எண்பது இடத்துக்குள் ஒரு பெயர்

என் அக்காவுக்கு ஆபீசில் ‘கட்டம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யாரும் முகத்துக்கு நேரே கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். கட்டம் போட்ட தாளும் சீவிய பென்சிலும் இல்லாமல் அவளை அங்கே யாரும் பார்த்ததே கிடையாது. கல்யாணத்துக்கு மறுவாரம் மாமியார் வீட்டு விருந்துக்குப் போகும்போதுகூடக் கைப்பையில் நாலு தாள் வைத்திருந்தாள் என்று அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க அம்மா படாத பாடு படுவாள். “கம்ப்யூட்டர்ல படம் வரையிறா” என்பாள். படமே கிடையாது என்பதுதான் அதில் வேடிக்கை. மொத்த வியாபாரக் கம்பெனிகள், பெரிய கிடங்குகள், ஆஸ்பத்திரிகள் இவற்றிலெல்லாம் ஒரு நடுத்தரக் கம்ப்யூட்டர் இருக்கும். ஃபிரிட்ஜ் உயரத்தில், குளிரூட்டிய அறையில் தனியாக நிற்கும். அதோடு இணைத்த திரைகள் நூறு பேர் மேசையில் இருக்கும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மொத்தம் இருபத்துநாலு வரி, வரிக்கு எண்பது எழுத்து. உள்ளே கணக்குப் போடும் புரோகிராமை வேறு யாரோ எழுதுவார்கள். அந்த இருபத்துநாலு வரிக்குள் எது எங்கே இருக்க வேண்டும், எந்த விசையை அழுத்தினால் எந்தத் திரை வர வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது பிடிக்காத வேலை. விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற மாதிரி. அதனால்தான் அவளிடம் தள்ளிவிட்டார்கள். அவள் அந்தக் கம்பெனியில் தட்டச்சு செய்பவளாகச் சேர்ந்தவள். இரண்டு வருஷம் பிறர் செய்த திரைகளில் விவரங்களை அடித்து அடித்து, ‘இதை எவன் செஞ்சான், அவன் கையில கிடைச்சா’ என்று பல்லைக் கடித்தவள். தள்ளிவிட்ட வேலையை அள்ளிக்கொண்டாள்.

நாங்கள் கீழ் வீட்டில், அக்காவும் அத்தானும் மாடியில். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே போனால் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள்தான். ஒவ்வொரு தாளும் ஒரு திரை. அவள் புதிதாக எதைச் செய்தாலும் முதல் சோதனை அத்தான்மேல்தான். அத்தான் பஸ் டிரைவர். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. “அதனாலதான் உங்களைக் கூப்பிடுறேன். தெரிஞ்சவன் எப்படியாவது தட்டுத்தடுமாறிப் போயிடுவான். தெரியாதவன் எங்க முழிக்கிறான்னுதான் எனக்குப் பார்க்கணும்” என்பாள்.

அத்தான் மேசையில் உட்காருவார். தாளின் அடியில் விசைகளின் பெயர் எழுதியிருக்கும். மூன்று என்றால் வெளியே, பன்னிரண்டு என்றால் முந்தைய திரை. அவர் விரலால் தாளை அழுத்தி, “பன்னெண்டு அழுத்திட்டேன். இப்ப என்ன ஆகும்?” என்பார். அக்கா அந்தத் தாளை வெடுக்கென்று உருவிவிட்டு இன்னொன்றை வைப்பாள். அவள்தான் கம்ப்யூட்டர். தப்பான எண்ணைச் சொன்னால் “க்கீ” என்று கத்துவாள். ஒருநாள் அம்மா படியேறி வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாராவது சொன்னாத்தான் தெரியும்” என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த வேலையில்தான் அந்த மருந்துக் கிடங்கு விவகாரம் வந்தது.

ஊரிலுள்ள மருந்துக் கடைகளுக்கெல்லாம் மருந்து அனுப்பும் மொத்தக் கிடங்கு அது. அங்கே நீளமான அறையில் பதினாறு பேர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஆர்டர் எடுப்பார்கள். கடைக்காரர் மருந்தின் பெயரைச் சொல்வார். முதல் நாலைந்து எழுத்தை அடித்தால் அந்தப் பெயரில் தொடங்கும் மருந்துகள் வரிசையாக வரும். வேண்டியதற்கு எதிரே ஒன்று என்று போட்டு, எத்தனை பெட்டி என்று அடிக்க வேண்டும். அந்தப் பட்டியல் திரையை அக்காதான் செய்தாள். அவள் அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை.

எண்பது எழுத்து என்று பேர்தானே தவிர, எண்பதும் கைக்கு வராது. ஒவ்வொரு விவரத்துக்கு முன்னாலும் ஓர் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், அடுத்து வருவது எந்த நிறம், அடிக்கோடு உண்டா என்பதைக் குறித்துவைக்க. ஆக, எட்டு விவரம் என்றால் எட்டு இடம் போயிற்று. எல்லாம் போட்டு முடித்தபின் கிடங்கின் நிர்வாகம் இன்னும் இரண்டு கேட்டது. கடைசியாக வாங்கிய தேதி ஒன்று, விற்பனையாளர் எண் ஒன்று. இடம் இல்லை. அக்கா ஒரு வாரம் பென்சிலைக் கடித்தாள். கடைசியில், நடுவில் விட்டிருந்த காலி இடங்களை நெருக்கியும் போதாமல், மருந்தின் பெயருக்கு ஒதுக்கியிருந்த முப்பது இடத்தை இருபத்துநாலாகக் குறைத்தாள்.

வீட்டுச் சோதனையின்போது அத்தான் அந்தத் தாளில் விரலை வைத்துக்கொண்டு, “பேரு இதைவிட நீளமா இருந்தா?” என்று கேட்டார்.

“அவ்வளவு நீளமா பேரு வராதுங்க.”

“சரி” என்றார் அவர். தாள் பார்க்க அழகாக இருந்தது. மாதிரிக்கு அவள் எழுதியிருந்த ஆறு மருந்தும் சின்னச் சின்னப் பெயர்தான். கிடங்கும் கையெழுத்துப் போட்டது. திரை வேலைக்குப் போயிற்று.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய மேனேஜருக்குக் கிடங்கிலிருந்து போன் வந்தது. ஒரு கடை, இரத்த அழுத்த மாத்திரையில் இருபத்தைந்து மில்லிகிராம் நாலு பெட்டி கேட்டிருக்கிறது. போனது இருநூறு மில்லிகிராம். எட்டு மடங்கு. கடைக்காரம்மா பெட்டியைப் பிரித்ததும் பார்த்துவிட்டதால் யார் கைக்கும் போகவில்லை. ஆர்டர் எடுத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று. புரோகிராமில் ஏதாவது குளறுபடி உண்டா என்று ஒப்புக்கு ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள்.

புரோகிராமில் ஒன்றும் இல்லை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மேனேஜர் அதை எழுதி அனுப்பப் போனார். அக்கா மட்டும், “நான் நேர்ல போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேனே” என்றாள்.

ஆர்டர் எடுத்தவரை அங்கே எல்லோரும் ‘ரேடியோ’ என்பார்கள். செய்தி வாசிப்பவர் மாதிரிக் குரல். கடைக்காரர் சொன்ன ஒவ்வொன்றையும் கணீரென்று திருப்பிச் சொல்லி, “சரிதானா?” என்று கேட்காமல் விடமாட்டார். பதினாலு வருஷமாக அப்படித்தான். பக்கத்து நாற்காலிப் பெண் அக்காவிடம் சொன்னாள்: “அன்னிக்கும் நான் காதால கேட்டேன் மேடம். இருபத்தஞ்சு, நாலு பெட்டி, சரிதானான்னு கேட்டாரு. வாயில சரியா வந்தது கையில எப்படி மாறிச்சுன்னு அவருக்கே தெரியல. அழாத குறையா எழுந்து போனாரு.”

அக்கா அவருடைய காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மருந்தின் முதல் ஐந்து எழுத்தை அடித்தாள். மூன்று வரி வந்தது. மூன்று வரியிலும் ஒரே பெயர். எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர்.

நூறா, இருநூறா, இருபத்தைந்தா என்பது பெயரின் வாலில் இருந்தது. அந்த வாலைத்தான் இருபத்துநாலாவது இடத்தில் அவள் வெட்டியிருந்தாள். வரியின் தொடக்கத்தில் ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. மூன்றுக்கும் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. போன் காதில் பேசிக்கொண்டிருக்கும்போது அதை யார் பார்ப்பார்கள்?

“அப்ப இவ்வளவு நாளா எப்படி எடுத்தீங்க?” என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள்.

“மேல இருக்கறது நூறு, கீழ இருக்கறது இருபத்தஞ்சு. எல்லாருக்கும் மனப்பாடம் மேடம்.”

அந்தத் திங்கட்கிழமைதான் இருநூறு மில்லிகிராம் புதிதாகக் கிடங்குக்கு வந்திருந்தது. இயந்திரம் பெயர்களை எழுத்து வரிசையில்தான் அடுக்கும். அதற்கு அது எண் என்று தெரியாது. ஒன்றில் தொடங்கும் நூறு முதலில், இரண்டும் சைபருமாக இருக்கும் இருநூறு அடுத்து, இரண்டும் ஐந்துமாக இருக்கும் இருபத்தைந்து கடைசியில். இரண்டாவது வரியில் இருந்த இருபத்தைந்து மூன்றாவதுக்கு இறங்கி, அந்த இடத்தில் இருநூறு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பின் அந்த மருந்துக்கு வந்தது ஒரே ஆர்டர்தான்; ரேடியோ எப்போதும்போல இரண்டாவது வரியில் ஒன்று என்று போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அக்கா எழுந்துபோய்க் கிடங்கின் தலைமை அம்மாளைத் தேடினாள். அவர் மறுநாள் காலையில்தான் வருவாராம். பக்கத்துப் பெண்ணிடம், “இன்னிக்கு எல்லாரையும் அந்த எண்ணைப் பார்த்து எடுக்கச் சொல்லும்மா. இருக்கற இடத்தை நம்பாதீங்க” என்று சொல்லி, வெள்ளைப் பலகையில் மூன்று எண்களையும், எது எத்தனை மில்லிகிராம் என்று, பெரிதாக எழுதிவைத்தாள். அப்புறம் எனக்குப் போன் செய்தாள்.

“தம்பி, கடையைச் சாத்திட்டு வர முடியுமா? ஒரு வீட்டுக்குப் போகணும்.”

எனக்குக் கண்ணாடிக் கடை. அக்கா குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு திருப்பத்தில், “உங்க அத்தான் கேட்டாருடா. பேரு நீளமா இருந்தான்னு கேட்டாரு” என்றாள்.

ரேடியோவின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகாத மனுஷன் வீட்டிலுள்ள துணியையெல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தார். திரைச்சீலைகூடத் தேய்த்திருந்தது.

அக்கா தன்னை இன்னார் என்று சொன்னாள். அவர் முகம் இறுகிற்று.

“புரோகிராம்ல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்களே. அப்புறம் என்ன?”

“புரோகிராம்ல தப்பில்ல சார். ஸ்கிரீன்ல இருக்கு. ஸ்கிரீன் நான் செஞ்சது.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அக்கா மேசைமேல் தாளை விரித்து, மூன்று வரியையும் எழுதி, வால் எங்கே வெட்டுப்பட்டது, புதியது எங்கே வந்து உட்கார்ந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாதிரிக்குச் சின்னப் பெயர்களாக எழுதியதையும் சொன்னாள். வீட்டில் கேட்டும் காதில் வாங்காததையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. அவர் மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். போனில் ஆர்டரைத் திருப்பிச் சொல்கிற அதே கணீர்க் குரலில், “அப்போ, மருந்து மாறினது என் கவனக்குறைவால இல்ல. ஸ்கிரீன்ல மூணு வரியும் ஒரே மாதிரி தெரிஞ்சதால. சரிதானா?” என்றார்.

“சரி சார்.”

“கேட்டியாம்மா?” என்று மகளைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கணீரென்று வந்த குரல் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துவிட்டது. அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

காப்பி கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, “இதை அங்க வந்து சொல்வீங்களா?” என்று கேட்டார்.

“காலையில முதல் வேலை அதுதான்.”

மேனேஜருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கிடங்குக்குப் போகும் வழியெல்லாம் காரில் அவளுக்குப் பாடம் நடத்தினார். “அவங்க கையெழுத்து போட்ட வடிவத்தைத்தான் நாம கொடுத்தோம். அதிகமா வாயைத் திறக்காதே. மாத்தித் தர்றோம்னு மட்டும் சொன்னா போதும்.”

தலைமை அம்மாள் அதிகம் பேசாதவர். மூக்கு நுனியில் கண்ணாடி. மேனேஜர் அந்த வடிவம், கையெழுத்து என்று நீட்டி முழக்கி முடித்ததும் அக்கா பக்கம் திரும்பி, “நீங்க ஏதோ சொல்லணும்னீங்களாமே?” என்றார்.

“கையெழுத்து போட்டது உண்மைதான் மேடம். ஆனா பேரோட வால் வெட்டுப்படும்னு தெரிஞ்சா நீங்க போட்டிருக்க மாட்டீங்க. அது எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்க முடியும். நான்தான் வெட்டினேன். உங்க மருந்துப் பட்டியலை எடுத்து, எது ரொம்ப நீளம்னு ஒரு தடவை பார்த்திருந்தா போதும். பார்க்கல. அவரை வேலைக்குக் கூப்பிடுங்க.”

மேனேஜர் கூரையைப் பார்த்தார். தலைமை அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, ரேடியோவை மதியமே வரச் சொன்னார். பிறகு, “எத்தனை நாள்ல சரியாகும்?” என்றார்.

“ரெண்டு நாள்.”

அந்த இரண்டு நாளும் அக்கா ஆர்டர் அறையிலேயே உட்கார்ந்து செய்தாள். ஒரு மருந்துக்கு ஒரு வரி என்பதை விட்டு இரண்டு வரியாக்கினாள். பெயர் முழுசாக முதல் வரியில். தேதியும் விற்பனையாளர் எண்ணும் இரண்டாவது வரியில். எத்தனை மில்லிகிராம் என்பதைத் தனியாகப் பிரித்து, பெயருக்கும் முன்னால், இடது ஓரத்தில், பளிச்சென்ற வெள்ளையில். அந்த வெள்ளை அந்தத் திரையில் வேறு எதற்கும் கிடையாது. பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. “பக்கம் புரட்டினா புரட்டட்டும்” என்றாள். மருந்தை எடுத்ததும் கடைசியில் ஒரு திரை வரும், கேட்டது இதுதானா என்று. அதில் வார்த்தைகளின் வரிசையை ரேடியோதான் சொன்னார். “நான் வாயால சொல்ற வரிசையில எழுதுங்கம்மா. முதல்ல பேரு, அப்புறம் அளவு, அப்புறம் எத்தனை பெட்டி. நான் அதைப் பார்த்தே படிச்சிடுவேன்.” அப்படியே செய்தாள்.

வீட்டில் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் ‘நான் அப்பவே கேட்டேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பின்னாடி வர்ற வண்டி கண்ணாடியில தெரியலைன்னா டிரைவர் என்ன பண்ணுவான்? கண்ணாடியைத் திருப்பிட்டே இல்ல, விடு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

அக்காவுக்கு இதனால் நன்மை ஒன்றும் உடனே வந்துவிடவில்லை. மேனேஜர் அவளைத் திரை வேலையிலிருந்து எடுத்து, அச்சடிக்கும் பட்டியல்களுக்கு மாற்றினார். பக்கத்தின் தலைப்பு எங்கே, பக்க எண் எங்கே என்று பார்க்கும் வேலை. எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசை துடைத்துவைத்த மாதிரி வெறிச்சென்று இருந்தது. அத்தான் ஒருநாள் பஸ் டெப்போவில் கொடுத்த விடுப்பு விண்ணப்பத் தாளை அவள் முன்னால் போட்டு, “இதை எவன் செஞ்சான் பாரு. பேரு எழுத இத்துனூண்டு இடம், காரணம் எழுத அரைப் பக்கம்” என்றார். அக்கா பென்சிலை எடுத்து அதைத் திருத்தி வரைந்துகொடுத்தாள். அவர் அதை டெப்போவில் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. அன்று அவள் சிரித்தாள், அது போதும்.

ஒன்பதாவது மாதம் கிடங்கில் புதுத் திரைகள் தேவைப்பட்டன. கடைகள் திருப்பியனுப்பும் மருந்துகளைப் பதிவதற்கு. மேனேஜர் வேறொருவரை அனுப்பினார். அவர் வரைந்து கொண்டுவந்ததைத் தலைமை அம்மாள் ஆர்டர் அறையில் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ரேடியோ தாளைத் தூக்கிப் பிடித்து, பதினாறு பேருக்கும் கேட்கும்படி மேலிருந்து கீழே வாசித்தார். வாசித்து முடித்து, “எல்லாம் சரி. இதைச் செஞ்சவர் எங்க பக்கத்துல எத்தனை நாள் உட்கார்ந்தார்?” என்றார். ஒருநாளும் இல்லை. “அப்ப அந்தம்மாவைக் கூப்பிடுங்க” என்றார். தலைமை அம்மாள் கூப்பிட்டார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: யாருக்குத் திரை செய்தாலும் வரைவதற்கு முன்னால் மூன்று நாள் அவர்கள் பக்கத்தில் உட்காருவேன். மேனேஜர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, டயர் கிடங்கு, பால் பண்ணை என்று எங்கே போனாலும் அவள் முதலில் கேட்பது, “உங்ககிட்ட இருக்கறதிலேயே ரொம்ப நீளமான பேரு எது?” என்பதுதான். டயர் கிடங்கில் ஒரு வாடிக்கையாளரின் பெயர் ஐம்பத்திரண்டு எழுத்தாம். அந்த மனிதர் நேரில் ஆள் குள்ளமாம். அதைச் சொல்லி அக்காவும் அத்தானும் சிரித்த சிரிப்பு கீழ் வீடுவரை கேட்டது.

மருந்துக் கிடங்கின் ஆர்டர் அறையில் இப்போது பதினேழாவதாக ஒரு நாற்காலி கிடக்கிறது. அதற்குத் திரையும் இல்லை, போனும் இல்லை. வாரத்தில் ஒருநாள் அக்கா போய் உட்காருவதற்காக ரேடியோ போட்டுவைத்தது. அவள் வராத நாளில் யாராவது அதில் பையை வைத்தால், அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, “அது ஆள் உட்கார்ற இடம்” என்று சொல்லிவிட்டு ஆர்டரைத் தொடர்வாராம்.